சீனாவின் தனிமையை உடைத்தவர்: சியென் சிச்சென்

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படையினர் கைகலந்தபோது 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். துப்பாக்கி வைத்திருந்த படைவீரர்கள் ஏன் சுடவில்லை என்று நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 1996, 2005 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களைச் சுட்டிக்காட்டி அதற்குப் பதில் சொன்னார்.

அவற்றில் முதலாவது, 1996 நவம்பர் 29 அன்று டெல்லியில் கையெழுத்தானது. அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இரு தரப்பும் சுடக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, துப்பாக்கியோடு வேட்டைக்குக்கூடப் போகக் கூடாது என்கிறது அதன் ஆறாம் பிரிவு. இந்தியாவின் சார்பில் அதில் கையெழுத்திட்டவர் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால். சீனாவின் சார்பில் கையெழுத்திட்டவர் சியென் சிச்சென்.

குஜ்ராலை நமக்குத் தெரியும். சியெனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகவும் குறைவு. 1988 முதல் 1998 வரை பத்தாண்டுகள் சீனாவின் வெளியுறவு அமைச்சர். 1993 முதல் 2003 வரை துணைப் பிரதமர். தியானென்மென் படுகொலை, சோவியத் ஒன்றியத்தின் சிதைவு, முதல் வளைகுடாப் போர், பிரிட்டனிடமிருந்து சீனாவுக்கு ஹாங்காங் கைமாற்றம் எல்லாம் அவர் காலத்தில்தான் நடந்தன. இன்றைய சீனா எப்படி இந்த உயரத்துக்கு வந்தது என்று கேட்பவர்கள் டெங் சியாவோபிங்கின் பொருளாதாரச் சீர்திருத்தத்தைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் சீர்திருத்தம் பலன் தர வேண்டுமானால் சந்தைகள் திறந்திருக்க வேண்டும், எல்லைகள் அமைதியாக இருக்க வேண்டும், நாடு பகிஷ்கரிக்கப்படாமல் இருக்க வேண்டும். அந்த அவகாசத்தைச் சீனாவுக்கு வாங்கிக் கொடுத்தவர் சியென் என்பது என் உறுதியான எண்ணம். குறைவாகப் பேசியும், எந்தக் கதவையும் முழுதாகச் சாத்திவிடாமலும், கசப்பான செய்தியை நேரில் போய்ச் சொல்லியும் அதைச் சாதித்தார்.

அவர் 1928 ஜனவரியில் தியென்சின் நகரில் பிறந்தார். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இருந்த ஷாங்காயில், 1942இல், 14 வயதிலேயே தலைமறைவாக இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்டார். 1954இல் மாஸ்கோவில் இளைஞர் கம்யூனிஸ்ட் அமைப்பின் பள்ளிக்குப் படிக்கப் போனார். அடுத்த ஆண்டே அங்கிருந்த சீனத் தூதரகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1962 வரை மாஸ்கோவாசம். சீனாவும் சோவியத்தும் அண்ணன் தம்பி உறவிலிருந்து பகையாளிகளாக மாறிய ஆண்டுகள் அவை. ரஷ்ய மொழியும் ரஷ்யர்களின் மனப்போக்கும் அங்கேதான் அவருக்கு வசப்பட்டன. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் மற்ற அதிகாரிகளைப் போல அவரும் கிராமத்துக்கு உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டார். 1972இல் மறுபடி மாஸ்கோ தூதரகம், 1974இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்குத் தூதர், 1977இல் வெளியுறவு அமைச்சகத்தின் தகவல் துறைத் தலைவர். இதுவரை பல சீன அதிகாரிகளுக்கும் பொதுவான பாதை.

1982 மார்ச்சில்தான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. மார்ச் 24 அன்று சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் தாஷ்கண்ட்டில் ஓர் உரை நிகழ்த்தினார். சீனாவைத் தாக்கிப் பேசினாலும், சீனா ஒரு சோஷலிச நாடுதான் என்று ஒப்புக்கொண்டார். தைவான் தன்னுடையது என்ற சீனாவின் நிலையை ஏற்றார். பேசத் தயார் என்றார். உடனே பதில் தர வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகத்துக்கு டெங்கிடமிருந்து தொலைபேசி வந்தது. சீன அமைச்சகத்துக்கு அதுவரை செய்தித் தொடர்பாளர் என்று ஒருவர் கிடையாது; செய்தியாளர் சந்திப்புக்கென்று ஒரு கூடமும் கிடையாது. மார்ச் 26 அன்று அமைச்சகக் கட்டடத்தின் முன்கூடத்தில் எழுபது எண்பது செய்தியாளர்கள் நாற்காலி இல்லாமல் சுற்றி நின்றார்கள். சியென் வந்தார். மூன்றே வாக்கியங்கள். பிரெஷ்னெவ் தாஷ்கண்ட்டில் சீன-சோவியத் உறவு பற்றிச் சொன்னதைக் கவனித்தோம். அதில் சீனாவைத் தாக்கியதை உறுதியாக நிராகரிக்கிறோம். சோவியத்தின் செயல்களையே நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் லி சாவோசிங். பின்னாளில் அவரும் வெளியுறவு அமைச்சரானார். கேள்விக்கு இடம் தரப்படவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு சோவியத் செய்தியாளர் கட்டைவிரலை உயர்த்தி, "மிக நன்று!" என்று ரஷ்ய மொழியில் சொன்னதைச் சியென் தன் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார்.

அந்த மூன்று வாக்கியங்களில் முதலாவதும் மூன்றாவதும்தான் மாஸ்கோவுக்கானவை. இருபது ஆண்டுகளாக ஒருவரையொருவர் வசைபாடிய பழக்கத்துக்கு நடுவே, கவனித்தோம் என்ற சொல்லே ஒரு மாற்றம். செயலைப் பார்க்கிறோம் என்றால், செய்தால் நாங்களும் நகர்வோம் என்று பொருள். நடுவாக்கியம் உள்நாட்டுக் கௌரவத்துக்காக. இன்றும் சீன வெளியுறவு அறிக்கைகளை வாசிப்பவர்கள் இப்படித்தான் வாசிக்கிறார்கள்: திட்டு எவ்வளவு காட்டம் என்பதை விட்டுவிட்டு, அதன் முன்னும் பின்னும் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுகிறார்கள்.

அந்த ஆண்டே அவர் துணை அமைச்சரானார். 1982 அக்டோபரில் சோவியத்துடன் பேச்சு தொடங்கியது. சீனா மூன்று தடைகளைச் சொன்னது: எல்லையிலும் மங்கோலியாவிலும் நிற்கும் சோவியத் படை, ஆப்கானிஸ்தானில் இருக்கும் சோவியத் படை, கம்போடியாவில் இருக்கும் வியட்நாமியப் படை. சோவியத்தின் பிரதிநிதி இலிச்சோவ், மூன்றாவது நாடுகளைப் பற்றி இங்கே பேச முடியாது என்றார். அதே வாதம், அதே மறுப்பு. 1988 வரை 12 சுற்றுகள். பெரும்பாலானவற்றில் சீனத் தரப்பில் உட்கார்ந்தவர் சியென். வெளியிலிருந்து பார்த்தால் வீண் வேலை. ஆனால் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் வணிகம் வளர்ந்தது, எல்லையில் சத்தம் குறைந்தது. கோர்பச்சேவ் சோவியத் தலைவராக வந்து கொள்கையை மாற்றியபோது மேசை தயாராக இருந்தது. 1988 டிசம்பரில் சியென் வெளியுறவு அமைச்சராக மாஸ்கோ போனார். சீன வெளியுறவு அமைச்சர் ஒருவர் அங்கே போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1989 மே மாதம் கோர்பச்சேவ் பெய்ஜிங் வந்தார். வரவேற்பு எப்படி இருக்க வேண்டும் என்று டெங் ஒரே கட்டளை இட்டார்: கைகுலுக்கல் மட்டும், கட்டித்தழுவல் வேண்டாம். உறவு சீராகிறது, பழைய கூட்டணி திரும்பவில்லை என்பதை உலகம் புகைப்படத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு.

கோர்பச்சேவ் வந்தபோது தியானென்மென் சதுக்கத்தை மாணவர்கள் நிறைத்திருந்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 3 இரவும் 4ஆம் தேதி விடியலிலும் பெய்ஜிங் தெருக்களில் ராணுவம் சொந்த மக்களையே சுட்டுக் கொன்றது. மேற்குலகம் பொருளாதாரத் தடைகளை விதித்தது, ஆயுத விற்பனையை நிறுத்தியது, உயர்மட்டச் சந்திப்புகளைத் துண்டித்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதற்குப் பிறகு சியென் செய்த ஒவ்வொன்றும், அந்தக் கொலைகளுக்கு அவருடைய அரசு தர வேண்டியிருந்த விலையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டது. அவருடைய நினைவுக் குறிப்புகளில் தடைகளை உடைத்த கதை விரிவாக இருக்கிறது. தடைகள் எதற்காக வந்தன என்பதை அவர் அரசின் சொற்களைத் தாண்டிப் பேசவில்லை. திறமையை மெச்சுவதற்காக இறந்தவர்களை மறந்துவிட முடியாது. அதே நேரம், ஒரு அரசு தன் மீதான கண்டனத்தை எப்படிக் கரைக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடமும் கிடையாது.

முதல் விரிசலை அமெரிக்காவே திறந்தது. தடைகளை அறிவித்த அதே அதிபர் (மூத்த) புஷ், ஜூலை 1ஆம் தேதி தன் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்கோக்ராஃப்டை ரகசியமாகப் பெய்ஜிங்குக்கு அனுப்பினார். அடையாளக் குறிகள் நீக்கப்பட்ட ராணுவச் சரக்கு விமானம், வழியில் எங்கும் இறங்காமல் வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு வந்தது. மேடையில் சொல்வது ஒன்று, பின்வாசலில் அனுப்புவது இன்னொன்று என்பது சீனத் தலைமைக்குத் தெளிவாகிவிட்டது. அடுத்த இலக்கு ஜப்பான். தடை விதித்த நாடுகளின் வளையத்தில் ஜப்பான்தான் பலவீனமான கண்ணி, அதை உடைப்பதே எளிது என்று கணக்கிட்டதைச் சியென் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். 1992 அக்டோபரில் பேரரசர் அகிஹிட்டோ சீனாவுக்கு வந்தார். ஜப்பானியப் பேரரசர் ஒருவர் சீன மண்ணில் கால்வைத்தது அதுவே முதல்முறை.

பெரிய வாய்ப்பை சதாம் உசேன் தந்தார். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. போர் தொடுக்க ஐ.நா. பாதுகாப்பு சபையின் ஒப்புதல் அமெரிக்காவுக்கு வேண்டும். சபையில் சீனாவிடம் வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தனியாகவே தடுக்கும் உரிமை, இருந்தது. ஓராண்டுக்கு முன் ஒதுக்கப்பட்டிருந்த நாட்டின் வீட்டு வாசலுக்கு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் வர வேண்டியதாயிற்று. நவம்பரில் சியென் எகிப்து, சவுதி அரேபியா, ஜோர்டான், ஈராக் ஆகிய நாடுகளுக்குப் போனார். கெய்ரோ விமான நிலையத்திலேயே பேக்கர் அவரைப் பிடித்துப் பேசினார். பாக்தாத்தில் சதாம், சீனாவுக்கு ஹாங்காங் எப்படியோ அப்படித்தான் ஈராக்குக்குக் குவைத் என்றார். சியென் அங்கேயே மறுத்தார்: இரண்டும் ஒன்றல்ல; குவைத்தும் ஈராக்கும் தூதரக உறவு வைத்திருந்த, ஐ.நா.வில் உறுப்பினராக இருக்கும் இரு நாடுகள்.

நவம்பர் 29 அன்று, அந்த ஒப்புதலைத் தரும் 678ஆம் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 12, எதிர்ப்பு 2 (கியூபா, ஏமன்). சீனா வாக்களிக்காமல் விலகி நின்றது. ஆதரித்திருந்தால், அரபு உலகிலும் வளரும் நாடுகளிலும் அமெரிக்கப் போருக்குக் கையெழுத்திட்டவர் என்ற பெயர் வந்திருக்கும். வீட்டோ போட்டிருந்தால் தடைகளை நீக்கும் பேச்சு முடிந்திருக்கும். குவைத்தை விழுங்கியவருக்குக் காவல் நின்றதாகவும் ஆகியிருக்கும். அமெரிக்கர்கள் எதிர்பார்த்தது ஆதரவு வாக்கு. கிடைக்காதது அவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் மறுநாளே சியென் வாஷிங்டன் போனார், வெள்ளை மாளிகையில் புஷ் அவரைச் சந்தித்தார். உயர்மட்டச் சந்திப்பு கிடையாது என்ற தடை அன்றோடு நடைமுறையில் செத்தது. கொடுத்தது எதுவும் இல்லாமல் வாங்கியது இது. சியெனின் பத்தாண்டுகளில் எனக்கு மிகக் கூர்மையாகத் தெரியும் நகர்வு இதுதான்.

அவருடைய வேலையின் மிகக் கடினமான நாள் 1992 ஜூலை 15. தென்கொரியாவுடன் தூதரக உறவு வைத்துக்கொள்ளச் சீனா முடிவு செய்துவிட்டது. வணிகம் அப்படி வளர்ந்திருந்தது. கூடவே, அதுவரை தைவானை அங்கீகரித்துவந்த ஒரு முக்கியமான நாடு அதன் கையிலிருந்து நழுவும். ஆனால் வடகொரியா, லட்சக்கணக்கான சீனப் படையினர் போய்ப் போரிட்டுக் காப்பாற்றிய நாடு. 80 வயது கிம் இல்-சுங், மாவோவின் காலத்திலிருந்து தொடரும் தோழர். அந்த ஏப்ரலில் குடியரசுத் தலைவர் யாங் ஷாங்குன் பியோங்யாங்கில் விஷயத்தைக் கோடி காட்டியபோது, பொறுத்துச் செய்யுங்கள் என்று கிம் கேட்டிருந்தார். இனிப் பொறுக்க முடியாது. அதை யாராவது போய்ச் சொல்லியாக வேண்டும்.

சியென் விமானப்படையின் தனி விமானத்தில் போனார். வழக்கமாகச் சீனக் குழு வந்தால் விமான நிலையத்தில் வரவேற்பு தடபுடலாக இருக்கும். அன்று விமானத்தை ஒதுக்குப்புறமாக நிறுத்தச் சொன்னார்கள். வந்தது வெளியுறவு அமைச்சர் கிம் யோங்-நாம் மட்டும். அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஓர் ஏரிக்கரை மாளிகை. சீனக் கட்சித் தலைவர் சியாங் செமின் அனுப்பிய வாய்மொழிச் செய்தியைச் சியென் சொல்லி முடித்தார். கிம் சற்று யோசித்தார். சீனாவின் முடிவு புரிகிறது, நாங்கள் எங்கள் வழியில் சோஷலிசத்தைக் கட்டுவோம், கஷ்டம் வந்தால் நாங்களே சமாளிப்போம் என்ற பொருளில் பதில் சொன்னார். கொண்டுபோன பரிசுகள், ஒன்பது டிராகன்கள் முத்தோடு விளையாடும் பச்சைக்கல் சிற்பமும் புதிதாகப் பறித்த லிச்சிப் பழங்களும், மேசையில் இருந்தன. கிம் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு விடைகொடுத்தார். சீனக் குழுக்களைக் கிம் சந்தித்ததிலேயே மிகக் குறுகிய சந்திப்பு அதுதான் என்கிறார் சியென். வழக்கமான விருந்தும் இல்லை. அன்றே ஊர் திரும்பினார்கள். ஆகஸ்ட் 24 அன்று தென்கொரியாவுடன் உறவு ஏற்பட்டது.

இதைக் கடிதமாக அனுப்பியிருக்கலாம். தூதரை விட்டுச் சொல்லச் செய்திருக்கலாம். முகத்துக்கு நேரே போய் நின்றதால்தான் கிம் கோபத்தைப் பொதுவெளியில் கொட்டவில்லை. வடகொரியா மனம் கசந்தது, உறவு பல ஆண்டுகள் உறைந்து கிடந்தது. ஆனால் முறியவில்லை.

மற்றவை வேகமாக நடந்தன. 1989 பிப்ரவரியில் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவின் இறுதிச் சடங்குக்கு டோக்கியோ போன இடத்தில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவைச் சந்தித்துப் பேசி, 1990இல் அந்த நாட்டோடு அறுந்த உறவைப் புதுப்பித்தார். அதே ஆண்டு சவுதி அரேபியா, சிங்கப்பூர். 1992 ஜனவரியில் இஸ்ரேல். 1998 புத்தாண்டு நாளில் தென்னாப்பிரிக்கா. சோவியத் உடைந்தபோது, அதன் சித்தாந்தத் துயரத்தில் மூழ்காமல், 1991 டிசம்பர் இறுதிக்குள் ரஷ்யாவையும் மற்றக் குடியரசுகளையும் சீனா அங்கீகரித்துவிட்டது.

எல்லாம் கைகூடியதாக நினைத்துவிடக் கூடாது. 1995 ஏப்ரலில் நியூயார்க்கில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வாரன் கிறிஸ்டோஃபர், தைவான் அதிபர் லீ டெங்-ஹுய்க்கு விசா தருவது தைவானுடனான அதிகாரபூர்வமற்ற உறவுக்குப் பொருந்தாது என்று சியெனிடம் சொன்னார். சியென் அதை நம்பிப் பெய்ஜிங்குக்குச் சொன்னார். அடுத்த மாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 396-0 என்றும் செனட் 97-1 என்றும் விசாவுக்கு ஆதரவாக வாக்களித்தன. கிளின்டன் அரசு விசா கொடுத்தது. ஜூனில் லீ தான் படித்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். சீனா தூதரைத் திரும்ப அழைத்தது. தைவானை ஒட்டிய கடலில் ஏவுகணைகளை வீசியது. 1996 மார்ச்சில் அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பியது. சொல்லை நம்பிய ராஜதந்திரிக்கு இதைவிட அவமானம் வேறில்லை. பெய்ஜிங்கில் ராணுவத்தின் குரல் ஓங்க இதுவும் ஒரு காரணமாயிற்று. தைவான் என்று வரும்போது நிதானத்துக்கு அங்கே எவ்வளவு சிறிய இடம் இருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

தென்சீனக் கடலிலும் அவர் விட்டுச்சென்றது அரைகுறைதான். 1995 தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டில் சீனக் கட்டுமானங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தக் கோடையில் புருனேயில் ஆசியான் எனும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பின் அமைச்சர்களிடம், ஐ.நா. கடல் சட்டம் உட்பட சர்வதேசச் சட்டப்படி பேசித் தீர்க்கத் தயார் என்று சியென் சொன்னார். அண்டை நாடுகள் பெருமூச்சு விட்டன. திட்டிலிருந்து சீனா விலகவில்லை. இன்று அங்கே விமான ஓடுபாதை இருக்கிறது. பேச்சால் அமைதியாக்கிக்கொண்டே தரையில் நிலையைக் கெட்டிப்படுத்துவது சியென் காலத்துப் பழக்கமும்தான். அவரை மென்மையானவர், பின்னால் வந்தவர்கள் முரடர்கள் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஆனாலும் வித்தியாசம் உண்டு. அவர் மூன்று வாக்கியத்தோடு தொடங்கிவைத்த செய்தித் தொடர்பாளர் பதவியில் 2020இல் இருந்த சாவோ லிசியான், கொரோனாவை வூஹானுக்குக் கொண்டுவந்தது அமெரிக்க ராணுவமாக இருக்கலாம் என்று ட்விட்டரில் எழுதினார். இதைத் தனிமனிதர்களின் குணமாக மட்டும் பார்ப்பது போதாது. சியெனின் கேட்போர் வெளிநாட்டு அரசுகள். அவர்களிடமிருந்து சீனாவுக்கு முதலீடும் தொழில்நுட்பமும் வேண்டியிருந்தன. இன்றைய தொடர்பாளரின் முதல் கேட்போர் சீனாவுக்குள்ளேயே கைப்பேசியோடு இருக்கும் கோடிக்கணக்கானவர்கள், அவர்களுக்கு மேலே இருக்கும் ஒரே தலைவர். கேட்பவர் மாறினால் பேச்சும் மாறும்.

சியென் 2003இல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே நினைவுக் குறிப்புகள் வெளிவந்தன. 2017 மே மாதம் பெய்ஜிங்கில் காலமானார். ஆனால் அவர் கையாண்ட கருவி ஒன்று இன்னும் அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. 2022 பிப்ரவரி 25 அன்று, உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் பாதுகாப்பு சபைக்கு வந்தபோது 11 நாடுகள் ஆதரித்தன, ரஷ்யா வீட்டோ போட்டது. சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் விலகி நின்றன. 1990இல் அந்த விலகல் சீனாவுக்கு வெள்ளை மாளிகையின் கதவைத் திறந்தது. 2022இல் அதே விலகலை ஐரோப்பா ரஷ்யாவுக்குத் தரும் ஆதரவாகவே வாசித்தது. ஓரமாக நிற்கும் பலவீனமான நாட்டின் மௌனத்துக்கு உலகம் காரணம் கற்பித்துக்கொள்ளும். உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம் அதே மௌனத்தைக் காத்தால் விளக்கம் கேட்கும். அந்த விளக்கத்தைத் தர வேண்டிய நிலை சியெனுக்கு வாய்க்கவில்லை. சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி அந்த இடத்தில்தான் நிற்கிறார்.